நின்ற சாமி

பசை செக்‌ஷன் கக்கூஸில்
வென்டிலேட்டர் கண்ணாடி ஒன்று உடைந்திருக்கும்.
அதன் வழியே பார்த்தால்
பாலாற்று மணலுக்கு அந்தப் பக்கம் குன்று,
குன்றின் மேல் அவர்,
என் கட்டைவிரல் உயரம்.
இடைவேளை ஏழு நிமிடம்.
பதினோரு வருசமாய்
அவரைப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுகிறேன்.

ஜெர்மன் சரக்கு கப்பலுக்குப் போன ஞாயிறு
ஓவர்டைம் இல்லை என்றார்கள்.
தில்ஷாத்தும் எப்சிபாவும் நானும்
ராணிப்பேட்டையில் பஸ் ஏறினோம்.
"துணி கட்டாத சாமிடீ" என்று
தில்ஷாத் அங்கேயே சிரிக்க ஆரம்பித்தாள்.
முன்சீட்டுப் பெரியவர் திரும்பி முறைத்ததில்
இன்னும் கொஞ்சம் சிரித்தோம்.

அடிவாரத்தில் பலகை:
தோல் பொருட்களுக்கு அனுமதி இல்லை.
காவல்காரர் என் கைப்பையைத் தட்டிப் பார்த்து
வாங்கி வைத்துக்கொண்டார்.
அது ரெக்சின்.
பின்னால் வந்த சென்னைக்காரரின் இடுப்பில்
அசல் எருமை, இரட்டைத் தையல்.
"வாங்க சார்" என்று விட்டுவிட்டார்.
தொட்டால் தெரியும், மோந்தால் தெரியும்,
அதுகூட வேண்டாம்,
வளைகிற வளைவிலேயே தெரியும் எனக்கு.
வாயைத் திறக்கவில்லை.
எப்சிபாதான் தன் விரல்களை முகர்ந்துவிட்டு
மெல்லக் கேட்டாள்:
"இத எங்கடி கழட்டி வக்கிறது?"

முந்நூற்றுச் சொச்சம் படி.
எண்ணிக்கொண்டே ஏறியவள் தில்ஷாத்.
நூற்றெழுபதில் ஒரு குரங்கு
வெள்ளரிப் பிஞ்சைப் பிடுங்கியதோடு
கணக்கும் போயிற்று.
கத்திரி வெயில்.
எங்கள் பக்கத்து மலையில் நிழல் என்று ஒன்று இருந்தால்
அது ஏறுகிறவளின் நிழல்தான்.

மேலே போனதும்
அவரைக் காணவில்லை.
எதிரே இரண்டு பாதம்.
கட்டைவிரல் நகத்தில் என் முகத்தை வைக்கலாம்.
கழுத்தை எவ்வளவு ஒடித்தாலும்
முழங்காலுக்கு மேல் எல்லாம் வெயில்.

தொழில் புத்தி, முதலில் அளவெடுத்தேன்.
எங்கள் கட்டைகளில் நாற்பத்தேழுக்கு மேல் கிடையாது.
இவருக்கு ஒரு ஜோடி என்றால்
எத்தனை மாடு என்று போய்க்கொண்டிருந்தவள்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
எறும்புக்கு வழி விட்டு நடந்தவராம்.
எங்கள் கம்பெனிக்கு ஒருநாளும் ஆர்டர் தரமாட்டார்.
பித்தவெடிப்பு இல்லை, கால்ஆணி இல்லை,
சுண்டுவிரலை மட்டும்
சிற்பி அவசரமாக முடித்திருந்தான்,
சம்பளம் பாக்கியோ என்னவோ.

அப்புறம்தான் கொடியைப் பார்த்தேன்.
கணுக்காலில் ஆரம்பித்து
கெண்டைக்காலைச் சுற்றி
தொடைக்கு ஏறுகிறது,
இலையும் தளிருமாய், கல்லில்.
"அப்படியே நின்னாரு, அசையவே இல்ல,
கொடி ஏறிடுச்சு" என்றான் மோர் விற்கிற பையன்.
எவ்வளவு நாள்டா?
"ஒரு வருசம்."

ஒரு வருசம்.
சுடிதார் காலை ஒரு சாண் தூக்கிப் பார்த்தேன்.
கணுக்காலில் ஆரம்பித்து
முழங்காலுக்குப் பின்னால் சுற்றி ஏறுகிற
பச்சை நரம்பு, முடிச்சு முடிச்சாய்.
பசை தடவும் வரிசையில் நாற்காலி கிடையாது.
பெரியாஸ்பத்திரியில் ஒரு சாக்ஸ் எழுதிக் கொடுத்தார்கள்,
ஆயிரத்து இருநூறு,
சீட்டு இன்னும் அரிசி டப்பாவில் இருக்கிறது.

தில்ஷாத் என் காலைப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை.
தன்னுடையதையும் காட்டினாள்.
எப்சிபா குனிந்து
கல்கொடியின் ஓர் இலையைத் தொட்டுவிட்டு
"யப்பா, சுடுது" என்று கையை உதறினாள்.

கீழே ஆறு, மணல், மஞ்சள் பூத்த குட்டைகள்,
நீலத் தகரக் கூரைகள் வரிசையாக.
எங்களுடையது எது என்று சண்டை போட்டோம்.
வென்டிலேட்டர் தெரியவில்லை.

இறங்கும்போது படி கொதித்தது,
மூன்று பேரும் ஓடித்தான் வந்தோம்.
பையைத் திருப்பித் தந்த காவல்காரர்
"தோலெல்லாம் எடுத்துட்டு வரக்கூடாதும்மா" என்றார்.
சரிண்ணே என்றேன்.

திங்கட்கிழமை.
உடைந்த கண்ணாடியில் அவர்,
கட்டைவிரல் உயரம்.
கொடி இங்கிருந்து தெரியாது.
இடது காலைத் தூக்கி
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன்,
ரத்தம் கொஞ்சம் இறங்கட்டும் என்று.
பிறகு வலது காலை.
ஏழு நிமிடம் முடிந்துவிட்டது போல.
கதவைத் தட்டுகிறாள் சூப்பர்வைசர்:
"உள்ள யாருடி,
எவ்ளோ நேரம் நிப்ப?"